புல் விதைக்க எந்த மழையை நம்பலாம்?



இந்த மாதப் பாடம் மாட்டுத் தீவனம் பற்றியது. புல் வளர்ப்பது எப்படி என்று ஏற்கெனவே பல பயிற்சிகளில் கேட்டிருப்பீர்கள். விதை எவ்வளவு, எரு எவ்வளவு என்று நோட்டிலும் எழுதி வைத்திருப்பீர்கள். ஆனால் குழுக் கூட்டங்களுக்குப் போகும்போது எங்களிடம் வரும் முதல் கேள்வி அது இல்லை. சித்திரை பிறந்து ஒரு நல்ல மழை விழுந்த மறுநாள், "மழ பேஞ்சிருச்சு, புல்லு வெதச்சிரலாமா?" என்றுதான் கேட்கிறார்கள். எப்படி விதைப்பது என்பதைவிட எப்போது விதைப்பது என்பதில்தான் நமக்குக் குழப்பம். ஆகவே இந்த ஒரு கேள்விக்கே பாடம் முழுவதையும் ஒதுக்கியிருக்கிறோம்.

இது சின்ன விஷயம் இல்லை. குழுக் கடனில் கறவை மாடு வாங்கியவர்கள் நம்மில் நிறையப் பேர். பால் குறைந்தாலும் தவணை குறையாது. மாசி, பங்குனியில் பசும்புல் இல்லாமல் வைக்கோலும் புண்ணாக்கும் காசு கொடுத்து வாங்கினால், பால் காசு அங்கேயே போய்விடுகிறது. சொந்தக் காட்டில் கால் ஏக்கர் புல் நின்றால் அந்தச் செலவு பாதியாவது குறையும். அந்தப் புல் நிற்பதும் கருகுவதும் பெரும்பாலும் விதைத்த நாளைப் பொறுத்தது.

எந்தப் புல்லைப் பற்றிப் பேசுகிறோம்?

கிணற்றுத் தண்ணீர் இருப்பவர்கள் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் கரணை நட்டுக்கொள்ளலாம். தண்ணீர் கையில் இருந்தால் மாதம் பெரிதாகப் பார்க்க வேண்டியதில்லை. இந்தப் பாடம் மானாவாரிக் காடு வைத்திருப்பவர்களுக்கு. வேடசந்தூர், குஜிலியம்பாறை, வடமதுரை, சாணார்பட்டி, ஒட்டன்சத்திரம் பக்கம் செம்மண்ணும் சரளையுமாகக் கிடக்கும் நிலங்களுக்கு ஏற்றது கொழுக்கட்டைப் புல்.

இது புதுப் புல் இல்லை. காங்கயம், தாராபுரம், கரூர் பக்கம் கிளுவை வேலி போட்டு, நடுவில் வெள்வேல் மரம் விட்டு, கொரங்காடு என்று வைத்திருக்கிறார்களே, அந்த மேய்ச்சல் காட்டின் முக்கியப் புல் இதுதான். காங்கயம் மாடு வளர்ந்தது இந்தப் புல்லைத் தின்றுதான். ஒரு முறை வேர் பிடித்துவிட்டால் பல வருடம் நிற்கும். கோடையில் காய்ந்து கிடந்தாலும் மழை விழுந்ததும் தூரிலிருந்து துளிர்க்கும். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் கோ 1 என்ற நீலக் கொழுக்கட்டை ரகத்தையும் கொடுத்திருக்கிறது.

வேர் பிடித்த பிறகு இவ்வளவு தாங்குகிற புல், முளைத்த முதல் மூன்று வாரம் மட்டும் பச்சைக் குழந்தை மாதிரி. அந்த மூன்று வாரத்தை எந்த மாதத்தில் வைக்கிறோம் என்பதுதான் நம் கேள்வி.

விதையின் குணத்தைத் தெரிந்துகொள்வோம்

சோளம், கடலை விதைத்துப் பழகிய கை நம்முடையது. புல் விதை அப்படி இல்லை. மூன்று வித்தியாசம் இருக்கிறது.

ஒன்று: இது பஞ்சு மாதிரி லேசான விதை. காற்றடித்தால் பறக்கும். வெள்ளம் ஓடினால் மிதந்து வரப்போரம் ஒதுங்கும்.

இரண்டு: இதை ஆழத்தில் போடக்கூடாது. ஒரு சென்டிமீட்டர், அதாவது விரல் நகத்தின் ஆழம்தான். அதற்குக் கீழே போனால் முளை மேலே வரத் தெம்பு இருக்காது. சோள விதை இதைவிட ஆழத்தில் கிடப்பதால் மேல் மண் காய்ந்தாலும் கீழ் ஈரத்தில் பிழைத்துக்கொள்ளும். புல் விதை கிடப்பதோ காய்கிற மண்ணிலேயே.

மூன்று: புது விதை தூங்கும். அறுவடை செய்த உடனே போட்டால் சரியாக முளைக்காது. 6 முதல் 8 மாதம் இருப்பு வைத்த பிறகுதான் உறக்கம் கலையும். "வெத கெட்டுப்போச்சு, ஏமாத்திப்புட்டாங்க" என்று சொல்லும் இடங்களில் பாதி, விதை கெட்டதாக இருக்காது. தூங்குகிற விதையாக இருக்கும்.

இந்த மூன்றாவது குணத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் பக்கம் புல் கதிர் உருவுவது பெரும்பாலும் தை, மாசியில். அந்த விதையைச் சித்திரையில் போட்டால் இரண்டு, மூன்று மாதம்தான் ஆகியிருக்கும். இன்னும் தூக்கம் தெளியவில்லை. புரட்டாசியில் போட்டால் ஏழு, எட்டு மாதம் ஆகிவிடும். எழுந்து உட்கார்ந்திருக்கும். விதையே தன் மாதத்தைச் சொல்கிறது.

நம் ஊருக்கு மூன்று மழை

திண்டுக்கல் சமவெளிக்கு வருடத்தில் மூன்று தடவை மழைக்காலம். மூன்றும் ஒரே மாதிரி இல்லை.

முதலாவது கோடை மழை. சித்திரை, வைகாசியில் மாலை நேரம் இடி இடித்துக் கொட்டும். பார்க்கப் பெரிய மழையாக இருக்கும். ஒரே மணி நேரத்தில் ஓடை ஓடும். பிறகு பத்து நாள், பதினைந்து நாள் ஒரு சொட்டு இருக்காது. அந்த வெயிலில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 6, 7 மில்லிமீட்டர் தண்ணீர் ஆவியாகப் போகும். விதை கிடக்கிற அந்த ஒரு சென்டிமீட்டர் மண் இரண்டே நாளில் புழுதியாகிவிடும். முளை விட்ட விதைக்கு மறுபடி தூங்கத் தெரியாது. முளைத்தது முளைத்ததுதான், காய்ந்தால் போச்சு.

இரண்டாவது ஆனி, ஆடி, ஆவணி மழை. இது தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம். கேரளத்தில் கொட்டுகிற மழை மேற்கு மலைகளிலேயே இறங்கிவிடுகிறது. மலைக்கு இந்தப் பக்கம் இருக்கிற நமக்குக் காற்றுதான் மிச்சம். பழனி, ஒட்டன்சத்திரம் பக்கம் ஆடிக்காற்று எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். காற்று ஈரத்தை உறிஞ்சும், பஞ்சு விதையையும் கிளப்பிக்கொண்டு போகும். ஆவணியில் சில இடிமழை கிடைக்கும், ஆனால் தொடராது.

மூன்றாவது வடகிழக்குப் பருவமழை. புரட்டாசியில் அங்கங்கே இடிமழையாகத் தொடங்கி, அக்டோபர் 20-ஐ ஒட்டிப் பருவமழையாகச் சேர்ந்து, ஐப்பசி, கார்த்திகை முழுக்க வரும். நம் மாவட்டத்தின் வருட மழையில் ஏறத்தாழ பாதி இந்த மூன்று மாதத்தில்தான் கிடைக்கிறது. இதில் அளவைவிட முக்கியம், மழைக்கும் மழைக்கும் நடுவே இடைவெளி குறைவு என்பது. வெயிலும் தணிந்திருக்கும், மேகம் மூடியிருக்கும், ஈரம் நிற்கும்.

"ஆடிப்பட்டம் தேடி விதைன்னு பெரியவுக சொல்லியிருக்காகளே?" என்று கேட்பீர்கள். அந்தப் பேச்சு தப்பில்லை. ஆழத்தில் போடுகிற விதைக்கும், தண்ணீர் வசதி உள்ள நிலத்துக்கும், ஆவணி மழை நம்பிக்கையாகக் கிடைக்கிற ஊருக்கும் அது பொருந்தும். மண்ணின் மேல் தோலில் கிடக்கிற புல் விதைக்கு நம் சமவெளியில் அது பொருந்தாது.

இப்போது நாங்கள் சொல்ல வருவது புரிந்திருக்கும். பெய்து முடிந்த மழையைப் பார்த்து விதைக்கக்கூடாது. அடுத்து வரப்போகிற மழையை வைத்துத்தான் விதைக்க வேண்டும். பெய்த மழை விதையை முளைக்க வைக்கும், பின்னால் வருகிற மழைதான் முளையைக் காப்பாற்றும்.

வடநாட்டு மாதம் நமக்கு ஆகாது

இதே புல் ராஜஸ்தான் பாலைவனத்திலும் இருக்கிறது. அங்கே அஞ்சன், தாமன் என்று சொல்கிறார்கள். ஜோத்பூரில் மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிலையம் இந்தப் புல்லைப் பற்றி நிறைய வேலை செய்திருக்கிறது. அங்கே விதைப்பது ஜூலையில், பருவமழை தொடங்கும்போது. காரணம், அவர்களுடைய மழை பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பரில் முடிந்துவிடும்.

விதைப் பையிலோ புத்தகத்திலோ "ஜூன், ஜூலையில் விதைக்கவும்" என்று போட்டிருந்தால் உடனே கலப்பையைக் கட்டாதீர்கள். யார் ஊர் மழையைப் பார்த்து எழுதியது என்று கேளுங்கள். மழை தொடங்கும்போது விதை என்பதுதான் அவர்கள் விதி. நம் பெரிய மழை தொடங்குவது புரட்டாசிக் கடைசியில். விதி ஒன்றுதான், மாதம் வேறு.

கோடை மழையை வீணாக்கவா சொல்கிறோம்?

இல்லை. சித்திரை மழைக்கு வேறு வேலை இருக்கிறது. மண் நனைந்ததும் சரிவுக்குக் குறுக்கே ஒரு உழவு போடுங்கள். கோடை உழவு போட்ட நிலம் அடுத்து வருகிற மழையை ஓடவிடாமல் குடிக்கும். கோரைக் கிழங்கும் அருகம்புல் வேரும் மேலே வந்து வெயிலில் காயும். வரப்பைச் சரிசெய்து வையுங்கள்.

ஆடி, ஆவணியில் கிடைக்கிற தூறலில் களை முளைக்கும். முளைக்கட்டும். அதைப் பூக்கவிடாமல் இன்னொரு உழவில் மடக்கிப் போடுங்கள். இப்படி ஒரு சுற்றுக் களையை முன்னாலேயே கழித்துவிட்டால், புல் முளைக்கும்போது போட்டி குறையும். விதைத்த பின் பார்த்தீனியமும் புல்லும் கலந்து நின்றால் எது எதென்று பிரித்துக் களை எடுக்கப் பத்து ஆள் வேண்டும்.

சுருக்கமாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: சித்திரை மழை உழவுக்கு, ஆடி மழை களைக்கு, புரட்டாசி மழை விதைக்கு.

"குடத்துல தண்ணி ஊத்திக் காப்பாத்திரலாம்" என்று சிலர் சொல்வதுண்டு. கணக்கு இதோ. ஒரு சென்ட் நிலம் சுமார் 40 சதுர மீட்டர். அதில் 5 மில்லிமீட்டர் ஈரம் கொடுக்க 200 லிட்டர் வேண்டும். 10 சென்டுக்கு 2,000 லிட்டர். 15 லிட்டர் பிடிக்கும் குடத்தில் 130 குடத்துக்கு மேல். கோடையில் இதை இரண்டு நாளைக்கு ஒரு தடவை செய்ய வேண்டும். குடிதண்ணீருக்கே வரிசையில் நிற்கிற நம் ஊரில் இது நடக்கிற காரியமா?

ஒரு டப்பா, ஒரு ஸ்கேல், ஒரு நோட்டு

"நல்ல மழ", "ஒரு உழவு மழ" என்று வாயால் சொல்வதைவிட அளந்து பார்ப்பது நல்லது. இதற்குப் பெரிய கருவி வேண்டாம். அடியும் வாயும் ஒரே அகலமாக, பக்கம் நேராக இருக்கும் ஒரு டப்பா போதும். மரத்தடி, கூரைத் தண்ணீர் படாத வெட்டவெளியில், கல் வைத்து நிறுத்துங்கள். தினமும் காலை எட்டு மணிக்குப் பிள்ளைகளின் ஸ்கேலை விட்டு அளந்து, நோட்டில் எழுதிவிட்டுத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். ஒரு சென்டிமீட்டர் என்றால் 10 மில்லிமீட்டர் மழை. இரண்டரை சென்டிமீட்டர் என்றால் 25 மில்லிமீட்டர். அவ்வளவுதான் கணக்கு.

25 மில்லிமீட்டர் மழை நம் செம்மண்ணை ஏறக்குறைய அரை அடி நனைக்கும். மண்வெட்டியால் ஒரு கொத்துக் கொத்தி ஈரம் எதுவரை இறங்கியிருக்கிறது என்று கண்ணாலும் பார்த்துக்கொள்ளலாம். நாலு விரல் ஆழத்து மண்ணை எடுத்துக் கையில் பிடியுங்கள். உருண்டை பிடிக்க வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். அதுதான் பதம். பிடிக்கவே வரவில்லை என்றால் ஈரம் போதாது. கையில் ஒட்டினால் சேறு, இரண்டு நாள் பொறுக்கணும்.

இந்த டப்பாவுக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. நிலத்தை உழுவது வீட்டுக்காரர், மாட்டுக்குத் தீனி போடுவது நாம். ஆனால் எப்போது விதைப்பது என்ற பேச்சில் நம் குரல் எடுபடுவதில்லை. "ஊரே வெதைக்குது, நீ என்ன யோசிச்சிக்கிட்டு இருக்க?" என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாமல் நிற்கிறோம். நோட்டை எடுத்துக் காட்டுங்கள். "12 மில்லிமீட்டர்தான் பேஞ்சிருக்கு, ஈரம் ரெண்டு விரல்தான் இறங்கியிருக்கு, அடுத்த அஞ்சு நாளைக்கு மழ சொல்லல" என்று சொன்னால் அது வெறும் பேச்சு இல்லை, கணக்கு. கணக்குக்கு மரியாதை உண்டு. வரவு செலவு நோட்டு எழுதிப் பழகிய நமக்கு மழை நோட்டு எழுதுவது கஷ்டமா என்ன?

விதைக்கும் முன் நாலு கேள்வி

நாலுக்கும் "ஆமாம்" என்று பதில் வந்தால் மட்டும் விதைப் பையைப் பிரியுங்கள்.

1. புரட்டாசி பிறந்துவிட்டதா? புரட்டாசி முதல் தேதியிலிருந்து ஐப்பசி 15 வரை, அதாவது செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் கடைசி வரைதான் நமக்கு விதைப்புக் காலம்.

2. இரண்டு, மூன்று நாளுக்குள் மொத்தம் 20 முதல் 25 மில்லிமீட்டர் மழை கிடைத்து, மண் பதமாக இருக்கிறதா?

3. அடுத்த ஐந்து நாளில் மழை இருக்கும் என்று வானிலை மையம் சொல்கிறதா? வானொலி, தொலைக்காட்சிச் செய்தியில் கேளுங்கள். செல்போன் வைத்திருக்கும் பிள்ளைகளைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். கிசான் கால் சென்டருக்கு 1800 180 1551 என்ற எண்ணில் பேசினால் தமிழிலேயே கேட்டுக்கொள்ளலாம், காசு இல்லை.

4. விதை முளைப்பு பார்த்தாகிவிட்டதா? இதை ஆவணியிலேயே செய்துவிட வேண்டும். 100 விதையை எண்ணி ஈரச் சாக்கில் பரப்பி, சுருட்டி, காயாமல் தண்ணீர் தெளித்து வாருங்கள். இரண்டு வாரத்தில் 30 முளைத்தால் கொழுக்கட்டைப் புல்லுக்கு அது நல்ல விதை. 20-க்குக் கீழே என்றால் விதை அளவைக் கூட்டிப் போடணும், இல்லை வேறு விதை பார்க்கணும்.

விதைக்கும் முறை

ஏக்கருக்கு இரண்டரை முதல் 3 கிலோ விதை. 10 சென்டுக்கு 300 கிராம் போதும். கடைசி உழவில் ஏக்கருக்கு 2 டன் மக்கிய தொழுவுரம் போடுங்கள். மக்காத சாணம் போட்டால் களை விதையையும் சேர்த்து விதைத்த மாதிரி ஆகும்.

விதையோடு மூன்று பங்கு ஈர மணல் கலந்துகொண்டால் பறக்காது, கைக்கும் சீராக விழும். சரிவுக்குக் குறுக்கே, ஒன்றரை அடிக்கு ஒரு வரிசையாகக் கீறல் போட்டு விதையுங்கள். மேலே மண் தள்ள வேண்டாம், வேப்பங்கொப்பை இழுத்துவிட்டால் போதும். மூன்று வரிசை புல்லுக்கு ஒரு வரிசை முயல் மசால் போட்டால் மாட்டுக்குப் புரதச் சத்தும் கிடைக்கும், மண்ணுக்கும் நல்லது.

முயல் மசால் விதைக்கு ஓடு கெட்டி. கொதித்து இறக்கி, கொதி அடங்கிய வெந்நீரில் 4 நிமிடம் போட்டு எடுத்து, பச்சைத் தண்ணீரில் ஒரு இரவு ஊறவைத்து, நிழலில் உலர்த்திப் போடணும். இதை மழை உறுதியான பிறகே செய்யுங்கள். ஊறிய விதையை வைத்துக்கொண்டு மழைக்குக் காத்திருக்க முடியாது.

மழை ஏமாற்றினால்?

வானத்துக்கு நாம் உத்தரவு போட முடியாது. 2016-ஆம் வருடம் நினைவிருக்கும். அந்த வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. அப்படிப்பட்ட வருடத்தில் சரியான மாதத்தில் விதைத்தவர்களுக்கும் நஷ்டம்தான். ஆகவே சரியான மாதம் பார்ப்பதோடு, நஷ்டம் வந்தாலும் எழுந்திருக்கிற மாதிரி விதைக்க வேண்டும்.

அதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. விதையை ஒரே நாளில் கொட்டாதீர்கள். பாதி நிலத்தைப் புரட்டாசியில் நாலு கேள்விக்கும் சரியாக வருகிற முதல் மழையில் விதையுங்கள். மீதிப் பாதியை இரண்டு, மூன்று வாரம் கழித்து, ஐப்பசியில் பருவமழை சேர்ந்த பிறகு விதையுங்கள். முதலாவது தவறினால் இரண்டாவது இருக்கும். அடைமழையில் இரண்டாவது அடித்துக்கொண்டு போனாலும் முதலாவது வேர் பிடித்திருக்கும்.

ஐப்பசி பாதி தாண்டியும் பதம் கிடைக்கவில்லையா? புல் விதையைக் கட்டி வைத்துவிடுங்கள். ஈரம் படாமல் வைத்த விதை அடுத்த புரட்டாசிக்கும் முளைக்கும். தாமதமாக விதைத்தால் இரண்டு பக்கமும் ஆபத்து. கார்த்திகையில் புயல் மழை வந்தால் சின்ன முளை கரைந்து போகும். 2018 நவம்பர் 16-ல் கரையைக் கடந்த கஜா புயல் நம் மாவட்டம் வரை வந்து போனதே! புயல் வராவிட்டால் தை வெயிலுக்குள் வேர் ஆழம் போகாது. அந்த வருடம் அந்த நிலத்தில் கொள்ளு விதையுங்கள். கடைசி ஈரத்திலும் பனியிலும் அது வந்துவிடும், கொடி மாட்டுக்கு ஆகும்.

இன்னொன்றையும் சொல்கிறோம். விதை வாங்குவதற்காகச் சித்திரையிலேயே உள்கடன் எடுத்துவிட்டால், வட்டி ஓடுகிறதே என்ற பதற்றத்தில் முதல் மழைக்கே விதைக்கத் தோன்றும். ஆவணிக் கூட்டத்தில் தீர்மானம் எழுதி, தேவைப்படுகிற எல்லோருக்கும் சேர்த்து ஒரே தடவையாக வாங்குங்கள். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத் தீவனப்பயிர்த் துறையிலும், காந்திகிராமத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலும், பக்கத்துக் கால்நடை மருத்துவமனையிலும் விதை எங்கே கிடைக்கும் என்று முன்னாலேயே விசாரித்து வையுங்கள். வாங்கும்போது எப்போது அறுவடை செய்த விதை என்று கட்டாயம் கேட்கணும்.

விதைத்த பிறகு பொறுமை

முளைத்த மூன்றாவது, நாலாவது வாரம் ஒரு களை எடுங்கள். 70, 75 நாளில் முதல் அறுப்பு வரும். புரட்டாசிக் கடைசியில் விதைத்தால் மார்கழியில் அறுக்கலாம். தரையோடு ஒட்ட அறுக்காமல் நாலு அங்குலம் விட்டு அறுத்தால்தான் திரும்பத் தழையும்.

முதல் வருடம் ஆடு மாட்டை உள்ளே விடவே கூடாது. வேர் பிடிக்காத தூரை ஆடு வேரோடு பிடுங்கிவிடும். தை, மாசியில் கொஞ்சம் கதிரை விட்டு வைத்து விதை உதிரவிடுங்கள். கொஞ்சம் உருவிச் சேமியுங்கள். அடுத்த வருடம் பக்கத்துக் குழுவுக்கே நீங்கள் விதை கொடுக்கலாம்.

எவ்வளவு கிடைக்கும்? நல்ல மழை வருடத்தில் ஏக்கருக்கு 16 டன் வரை கிடைக்கும் என்று வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்கிறது. நம் சரளைக் காட்டில் பாதி என்றே கணக்கு வையுங்கள். கால் ஏக்கரில் 2 டன். ஒரு கலப்பினப் பசுவுக்குத் தினம் 20 முதல் 25 கிலோ பசுந்தீவனம் என்றால் 80 முதல் 100 நாளைக்கு ஆகும். வருடம் முழுக்க வராதுதான். ஆனால் மார்கழியில் அறுத்த புல்லில் கொஞ்சம் காயவைத்துப் போர் போட்டால், பங்குனியில் வைக்கோல் வண்டிக்குப் பின்னால் ஓடுகிற நாட்கள் குறையும்.

மாத வாரியாக நம் வேலை

சித்திரை, வைகாசி: கோடை உழவு, வரப்பு வேலை. விதைக்க வேண்டாம்.

ஆனி, ஆடி: டப்பா வைத்து மழை அளக்கத் தொடங்குதல். எரு மக்க வைத்தல்.

ஆவணி: களையை மடக்கி உழுதல். குழுத் தீர்மானம், விதை வாங்குதல், முளைப்பு பார்த்தல்.

புரட்டாசி: நாலு கேள்வி கேட்டு, பாதி நிலத்தில் விதைப்பு.

ஐப்பசி முதல் பாதி: மீதி நிலத்தில் விதைப்பு. பிறகு களை எடுத்தல்.

மார்கழி, தை: முதல் அறுப்பு. விதைக்குக் கொஞ்சம் விட்டு வைத்தல்.

அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்

ஊக்குநர்கள் இந்தப் பாடத்தை வாசித்துக் காட்டி, கீழே உள்ள கேள்விகளைக் கேட்க வேண்டும்.

1. போன வருடம் நம் ஊரில் புரட்டாசி, ஐப்பசியில் எத்தனை நாள் மழை பெய்தது? யாருக்காவது சரியாகச் சொல்ல முடிகிறதா? முடியாவிட்டால் மழை நோட்டு எழுதும் பொறுப்பை யார் எடுத்துக்கொள்வது?

2. நம் குழுவில் மாடு, ஆடு வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்? அவர்களில் கால் ஏக்கராவது புல்லுக்கு ஒதுக்கக்கூடியவர்கள் யார்? சொந்த நிலம் இல்லாதவர்கள் சேர்ந்து ஒரு தரிசைக் குத்தகைக்கு எடுக்க முடியுமா?

3. விதைக்கிற நாளை உங்கள் வீட்டில் யார் முடிவு செய்கிறார்கள்? அந்தப் பேச்சில் நீங்கள் என்ன சொல்வீர்கள்?

மூன்றாவது கேள்விக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள். சும்மா இருக்கிற அக்காமாரையும் பேசச் சொல்லுங்கள். பதில்களைத் தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள். ஆவணியில் நாங்கள் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் மழை நோட்டைத்தான் முதலில் கேட்போம்.